மெட்ராஸ் வழியாக வந்த குரல்

எனக்கு மெட்ராஸ் டெலிபோன் ட்ரங்க் எக்சேஞ்சுக்கு மாற்றல் வந்துவிட்டது. போவதற்கு முன் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு உன் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடு என்று இங்கே கேட்டார்கள். அது நானாகக் கேட்டு வாங்கிய மாற்றல். காரணத்தையும் மறைக்கப்போவதில்லை. இலங்கையில் இருக்கும் நம் ராணுவத்தின் லைன் மெட்ராஸ் வரை வருகிறது. அங்கே போய் உட்கார்ந்தால் என் தம்பியின் குரல் இங்கே கேட்பதைவிடக் கொஞ்சம் தெளிவாகக் கேட்கும்.

போர்டில் எந்த விளக்கு எரிந்தால் எந்த ஒயரைச் செருகுவது என்பதை நீங்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவீர்கள். அதை நான் எழுத வேண்டியதில்லை. ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லைன் மெலிந்துபோய், பேசுகிற இரண்டு பேருக்கும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல், நடுவில் இருக்கும் நமக்கு மட்டும் கேட்கும். அப்போது அவர்கள் பேசுவதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்ல நேரம் இருக்காது. அவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.

இதில் ஒன்றைக் கூட்டவும் கூடாது, விடவும் கூடாது. என்னோடு வேலை பார்த்த ஒருத்தி விட்டாள். மாரண்டஹள்ளித் தக்காளி வியாபாரி ஒருவர், பெங்களூர் மண்டியில் இருந்த தன் ஆளிடம், “அந்தத் திருட்டு நாயிகிட்ட ஒரு கூடை எறக்கினே, ஊருக்குள்ள கால் வெக்க முடியாது, சொல்லிட்டேன்” என்று கத்தினார். அவள் நல்ல வீட்டுப் பெண். “அவரிடம் தக்காளி இறக்க வேண்டாமாம்” என்று மட்டும் சொன்னாள். முதலாளி கோபமாக இல்லை என்று நினைத்து அந்த ஆள் லோடு முழுவதையும் அதே இடத்தில் இறக்கிவிட்டான். மறுநாள் வியாபாரி இங்கே வந்து, “ஏம்மா, நான் திட்டினதுக்கும் சேத்துத்தானம்மா காசு கட்டினேன்! அத நீ ஏன் எடுத்து வெச்சிக்கிட்ட?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஊர் பாப்பாரப்பட்டிப் பக்கம். அப்பா இருந்தவரை கூலிக்கும் போனார், இருந்த கொஞ்சம் நிலத்தில் கேழ்வரகும் போட்டார். நான் ஹெட்செட் மாட்டிக்கொண்டு “டெல்லி, டெல்லி” என்று கூப்பிட்டதை அம்மா முதன்முதலில் பார்த்தபோது, கோயிலில் நிற்பதுபோலக் கைகட்டி நின்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றும் இருக்கிறது. என்னைப் பார்த்துத்தான் தம்பி சவரியும் படித்தான். பத்தாவது முடித்துப் பட்டாளத்தில் சேர்ந்தான். அங்கே அவனுக்கும் டெலிபோன் ஒயர் இழுக்கிற வேலையே அமைந்தது. “அக்கா, நீ ஒரு முனை, நான் ஒரு முனை” என்று சிரிப்பான்.

எண்பத்தேழாம் வருடம் ஆடி மாதத்தில் இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்க நம் படை அங்கே போனது. சவரியும் போனான்.

அந்த நாட்களில் எக்சேஞ்சுக்கு வாரம் தவறாமல் வந்தவர் பாக்கியம் அக்கா. இலங்கையிலிருந்து வந்து நம் பக்கத்து அகதி முகாமில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கலவரத்துக்குப் பயந்து படகேறும்போது வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்ள மகளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மகள் இருந்த வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் போன் உண்டு. கடைக்காரர் மகளைக் கூப்பிட்டுவிடுவார். நாம் மெட்ராஸைக் கேட்க, மெட்ராஸ் கொழும்பைக் கேட்க, கொழும்பு யாழ்ப்பாணத்தைக் கேட்கும். சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது.

நம் படை போய் இறங்கிய வாரம், முகாமில் இருந்தவர்கள் எல்லாம் சர்க்கரை வாங்கி ஊரில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தார்கள். பாக்கியம் அக்கா எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்.

“என்ர மேள் சொன்னவள் பிள்ளை, ரோட்டெல்லாம் பூமாலையாம். உங்கட ஆமிக்கு எங்கட சனம் கோயில் கும்பம் வைச்சுக் கூப்பிட்டதாம். இனிப் பயமில்லை. தைக்கு முதல் நானும் போயிடுவன்.”

அந்தச் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, என் தம்பியும் அங்கேதான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. பட்டாளத்து விஷயத்தை வெளியில் பேசக்கூடாது என்று சவரி சொல்லியிருந்தான்.

தீபாவளி நெருங்கும்போது எல்லாம் மாறிவிட்டது. யாருக்குக் காவலாகப் போனார்களோ அவர்கள் நடுவிலேயே நம் படைக்கும் அங்கிருந்த போராளிகளுக்கும் சண்டை மூண்டது. ரேடியோவில் தினம் வேறு வேறு கணக்கு சொன்னார்கள். யாழ்ப்பாணத்து லைன் செத்துவிட்டது. மெட்ராஸ் கேட்கும், கொழும்பு ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் வைத்துவிடும்.

நம் ராணுவத்தை வெளிநாட்டு ராணுவம் என்று யாரும் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அப்படி ஒரு பக்கமும் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைகொடுக்க என்று போகிற படை, போன இடத்தில் யாரோ ஒருவருடைய வாசலில் துப்பாக்கியோடுதான் நிற்கிறது. அது அங்கே நின்றதன் பாதிப்பு கடலைத் தாண்டி நம் ஊர் வரை வந்தது. முகாமில் காலையும் மாலையும் ஆள் எண்ணினார்கள். வெளியே போக அனுமதிச் சீட்டு கேட்டார்கள். லாட்ஜுகளில் சோதனை போட்டார்கள். நம் எக்சேஞ்சு பெஞ்சில் ஒரு போலீஸ் ஏட்டு வந்து உட்கார்ந்தார். முகாம் ஆட்கள் யாருக்குப் பேசுகிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. நல்ல மனிதர்தான். வேலை இல்லாத நேரத்தில் என்னிடம் வாய் கொடுப்பார்.

“ஏம்மா, ஹலோ ஹலோன்னு கத்தறதுக்கு பரிச்ச எழுதி பாஸ் பண்ணணுமா? எங்க வூட்டுல பேரன் ரெண்டு வயசு, அவனும் அதத்தான் பண்றான்.”

“அவன் பத்தாவது பாஸ் பண்ணட்டுங்க ஏட்டய்யா, வேல போட்டுக் குடுக்கறேன்” என்பேன்.

செத்த லைனுக்கும் பாக்கியம் அக்கா வாரம் தவறாமல் அழைப்பு பதிவு செய்தார். அது வீண் என்று நான் சொன்னதில்லை. ‘இன்று இல்லைங்க’ என்று மட்டும் சொல்வேன். அவர் ‘ஓம்’ என்று எழுந்து போவார்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சர்ச்சில் பூசை முடிந்து பஸ் ஏறி எக்சேஞ்சுக்கு வந்தாள். ராணுவத்தில் எப்போதாவது வீட்டோடு பேச விடுவார்கள். இந்த ஞாயிறு சவரியின் முறை வரலாம் என்று தகவல் வந்திருந்தது. அன்றைக்கு வரிசையில் நல்ல கூட்டம். பாக்கியம் அக்காவும் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர், அவர் பேச்சை வைத்து ஆளைப் புரிந்துகொண்டு ஆரம்பித்தார்.

“உங்களக் காப்பாத்தத்தானே எங்க பசங்க போனாங்க? இப்ப உங்க ஆளுங்களே சுடறாங்க. நீங்க இங்க சோறு தின்னுகிட்டு போன் வேற பேசறீங்களா?”

பாக்கியம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஏட்டு எங்கோ பார்த்தார். எனக்கு இரண்டு காதிலும் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாதான் எழுந்தாள்.

“உன் மவன் அங்க கீறானாய்யா?”

“இல்ல... நாட்டு விசயம் பேசறேன் ஆத்தா.”

“என் மவன் கீறான். கோட்ட இருக்கற ஊருல கீறான். நானே வாய மூடிகிட்டு கீறேன், உனக்கென்னா? வரிசைல நில்லு.”

அந்த ஆள் அடங்கிவிட்டார். ஆனால் பாக்கியம் அக்கா தலை நிமிர்ந்து அம்மாவையே பார்த்தார். கோட்டை இருக்கும் ஊர் யாழ்ப்பாணம், அவருடைய ஊர்.

அவர் நேராக என் கவுன்டருக்கு வந்தார். “பிள்ளை, அவ உங்கட அம்மாவே? உங்கட தம்பி எங்கட ஊரிலயோ?”

நான் ஏட்டைப் பார்த்தேன்.

“என்ர மேள் இருக்கிறாளோ இல்லையோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ. ஸ்டேஷன் ரோட்டுக்குப் பின்னால உள்ள ஒழுங்கை. மூண்டாவது வீடு. வேற ஒண்டும் வேண்டாம்.”

நான் முடியாது என்றேன். இரக்கம் இல்லாமல் சொல்லவில்லை. ராணுவ லைனை யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். காவலில் இருக்கும் சிப்பாயிடம் அந்த ஊரில் இன்ன சந்து, இன்ன வீடு என்று குறிப்பிட்டு விசாரித்தால் அவன் கதி என்ன? முகாமில் இருந்து விசாரித்தவள் கதி என்ன? ஏட்டு பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். படித்த பெண்ணாக எல்லாப் பக்கமும் யோசித்துத்தான் முடியாது என்றேன். இன்று கேட்டாலும் அந்தக் கவுன்டரில் அதே பதிலைத்தான் சொல்வேன்.

பாக்கியம் அக்கா போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்கவில்லை.

நண்பகல் தாண்டி மெட்ராஸ் கூப்பிட்டது. அம்மாவைப் பூத்துக்குள் போகச் சொல்லி இணைத்தேன். அம்மா “சவரி, சவரி” என்று கூப்பிட்டாள். அவன் “அம்மா” என்றான். அம்மாவுக்கு அது கேட்கவில்லை. கடல் தாண்டி, காடு தாண்டி, மெட்ராஸ் தாண்டி வந்து இழையாய் மெலிந்துபோன அந்தக் குரல் என் ஹெட்செட்டில் மட்டும் இருந்தது.

எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

“சவரி, நல்லா கீறியா கண்ணு?” இது அம்மா, என் வாயால்.

“நல்லா கீறேம்மா. காச்சல் வந்துச்சி, போயிடுச்சி.” இது சவரி, அதுவும் என் வாயால்.

நான் மூச்சு விடுகிற இடைவெளிகூட அவர்களுடையது. என் தம்பியிடம் நான் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. ஒரு சொல்கூட என்னுடையதாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவனுக்கும் அந்த முறை தெரியும். “அம்மா, அக்காவக் கேட்டேன்னு சொல்லு” என்றான். “அக்காவக் கேட்டேன்னு சொல்லு” என்று நான் அம்மாவிடம் சொன்னேன். குரல் அசையாமல் சொன்னேன்.

அப்போது அம்மா கேட்டுவிட்டாள்.

“சவரி, இங்க ஒரு அம்மா கீறாங்க. அவுங்க மவ உங்க ஊருல கீது. ஸ்டேசன் ரோட்டுக்குப் பின்னால சந்து, மூணாவது வூடு. அந்தப் பொண்ணு உசுரோட கீதான்னு பாத்தியா?”

பூத்துக் கதவை ஒட்டிப் பாக்கியம் அக்கா நின்றிருந்தார். ஏட்டு பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அந்தக் கேள்வியை நான் விழுங்கியிருக்கலாம். ‘லைன் சரியில்லைம்மா’ என்றால் அம்மா நம்பியிருப்பாள். கவுன்டரில் என்னிடம் கேட்டபோது மறுத்தேன். அது என்னிடம் கேட்ட உதவி. பூத்தில் கேட்டது லைனில் இருக்கிற ஒரு தாய், லைனில் இருக்கிற தன் மகனிடம் கேட்ட கேள்வி. அது என்னுடையது இல்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று மறுமுனையில் முடிவு செய்ய வேண்டியவன் அவன். என் பயத்தால் அதை நடுவிலேயே நிறுத்தினால், அந்தப் போர்டில் உட்கார எனக்கு என்ன யோக்கியதை?

சந்து, மூன்றாவது வீடு, உயிரோடு இருக்கிறாளா, எல்லாவற்றையும் சொன்னேன்.

லைனில் இரைச்சல் மட்டும் இருந்தது. போய்விட்டான் என்றே நினைத்தேன். பிறகு அவன் குரல் வந்தது.

“அம்மா, அந்தப் பக்கம் ஒயர் இழுத்திருக்கேன். வூடெல்லாம் சாத்திக் கெடக்குது. உள்ள ஆளு கீறாங்க, பொகை வருது. நான் தமிழ்ல கூப்பிட்டாலும் தெறக்க மாட்டேங்கறாங்க. எங்க துணியப் பாத்தாலே உள்ள சத்தம் நின்னுபோவுது.”

ஹாலில் எல்லோரும் கேட்க அதைச் சொன்னேன். “எங்க துணியப் பாத்தாலே உள்ள சத்தம் நின்னுபோவுது” என்று சொல்லும்போது பாக்கியம் அக்காவைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அவர் அழவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “கதவைத் தட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. கேற்றுக்கு வெளியில நிண்டு, ‘மாதுளைக்குத் தண்ணி ஊத்தினியோ எண்டு அம்மா கேட்டவ’ எண்டு மட்டும் சொல்லச் சொல்லுங்கோ. நான் படகேறும் வரைக்கும் அவளை அதுக்குத்தான் ஏசினனான்.”

அம்மா அதை அப்படியே போனில் சொன்னாள். நான் அப்படியே கடலுக்கு அந்தப் பக்கம் சொன்னேன். சவரி “சரி” என்றான். லைன் போய்விட்டது.

ஏட்டு கவுன்டருக்கு வந்து நின்றார். “ஏம்மா, பட்டாளத்தான்கிட்ட என்னம்மா கேக்கறீங்க? நான் மேல எழுதணும்ல?”

“பார்ட்டி சொன்னதச் சொன்னேங்க ஏட்டய்யா. என் வேல அதான். நீங்க காதுல கேட்டத எழுதிக்குங்க.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “மாதுளைக்குத் தண்ணி ஊத்தனாளான்னு கேட்டாங்கன்னு எழுதனா, இன்ஸ்பெக்டரு என்னத்தான் டாக்டருகிட்ட அனுப்புவாரு.” எழுதினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதன்பின் அந்தப் பெஞ்சில் பாக்கியம் அக்காவுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த அழைப்பு வரும் வரை அந்த இரண்டு பெண்களும் ஞாயிறுதோறும் வந்தார்கள். அம்மா அவித்த கடலைக்காய் கொண்டுவருவாள். பாக்கியம் அக்கா உரித்துக் கொடுப்பார். தான் சாப்பிட மாட்டார். நான் என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்றால், சவரிக்குத் தண்டனை கிடைத்திருக்குமோ என்று ஒரு பக்கம், மூன்றாவது வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அதையும் என் வாயால்தானே சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம். அப்படி வந்தாலும் சொல்லத்தான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிப் பழகினேன்.

மாசி மாதம் அழைப்பு வந்தது. லைன் அதே மெலிவு. அம்மா பூத்துக்குள் போனாள். இந்த முறை பாக்கியம் அக்காவையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். சவரி அவசரமாகப் பேசினான்.

“அம்மா, சொன்னேம்மா. ஒயர் வேலைன்னு போயி, கேட்டுக்கு வெளிய நின்னு சொன்னேன். ஒரு சத்தமும் இல்ல. திரும்பவும் சொன்னேன். என் கூட வந்தவன் சிரிக்கறான். அப்புறம் கெளம்பலாம்னு திரும்பறப்ப உள்ளருந்து ஒரு பொண்ணு கொரலு. ‘கிணத்துக் கயிறு அறுந்துபோச்சு, எப்பிடி ஊத்துறது?’ன்னு கேட்டுச்சு. கோவமா கேட்டுச்சு. கதவு தெறக்கல. மறுநாள் ஒரு கயிறு வாங்கி கேட்டுல கட்டிட்டு வந்தேன். அதுக்கு மறுநாள் கயிறு அங்க இல்ல.”

ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னேன். ‘கிணத்துக் கயிறு அறுந்துபோச்சு’ என்று சொன்னபோது அந்தப் பெண்ணின் கோபத்தையும் சேர்த்தே சொன்னேன். பூத்துக்குள் பாக்கியம் அக்கா சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“அவள்தான்! அவள்தான் பிள்ளை! எப்ப கேட்டாலும் ஒரு சாட்டுச் சொல்லுவாள்!” சிரிப்பு பாதியில் அழுகையாகி, அவர் அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மகள் ஒரு கதவுக்குப் பின்னால் இருக்கிறாள். அந்தக் கதவு திறக்கவில்லை. அதற்கு வெளியே நின்றவன் என் தம்பி. எனக்கும் அன்று அவ்வளவுதான் கிடைத்தது, அவருக்கும் அவ்வளவுதான்.

அம்மா அவரைத் தேற்றிவிட்டு மறுபடி போனை எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. வெளியே வந்தவள் என் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பாப்பா, அவன் சாப்ட்டானான்னு கேக்கலியே.”

சவரி இன்னும் வரவில்லை. அந்த ஒழுங்கைக்கு லைனும் இன்னும் வரவில்லை. இரண்டு பெண்களும் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். ஒல்லியாக, நெற்றியில் திருநீறு வைத்திருப்பவர் பாக்கியம் அக்கா, கழுத்தில் ஜெபமாலை போட்டிருப்பவள் என் அம்மா. அடுத்த மாதத்திலிருந்து மெட்ராஸில் நான் இருப்பேன், இங்கே நீங்கள் இருப்பீர்கள். அம்மாவுக்கு முன்போலக் காது கேட்பதில்லை. லைன் நன்றாக இருந்தாலும் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அவள் சவரி இருக்கும் ஊரில் எல்லோரைப் பற்றியும் கேட்டுவிட்டுத்தான் அவனுக்கு வருவாள். அதற்குள் நேரம் முடியப்போகிறது என்று உங்களுக்குத் தெரியும், அவளை அவசரப்படுத்தாதீர்கள். கடைசியில் “சாப்டியா கண்ணு” என்பாள். அந்தக் ‘கண்ணு’வை விட்டுவிடாதீர்கள்.